வெள்ளையடித்தும் போகாத பூனை

உடையார்பாளையத்திலிருந்து உள்ளே போகிற டவுன் பஸ்ஸில் ஏறியவர்களுக்குப் பூனைக் கொட்டாய் என்கிற ஸ்டாப் தெரிந்திருக்கும். இறங்கிப் பார்த்தால் பூனையும் இருக்காது, கொட்டாயும் இருக்காது. ஒரு புளியமரமும் ஒரு பக்கம் சாய்ந்த நிழற்குடையும்தான் இருக்கும். ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். முந்திரிக்காட்டில் காட்டுப்பூனை திரிந்தது என்பார் ஒருவர். பூனை வளர்த்த சாமியார் ஒருவர் அங்கே அடங்கியிருக்கிறார் என்பார் இன்னொருவர். அப்படி யாரும் அடங்கவில்லை. அந்தப் பூனையைப் போட்டது நான்.

எழுதிவிட்டேன். வாயால் சொல்வதைவிட இது சுலபமாகத்தான் இருக்கிறது. என் வயதுக்காரர்களே, நாலு பேர் நடுவில் வாய் திறக்க வராதவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். கல்யாண வீட்டில் சாம்பார் வேண்டுமா என்று கேட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிற ஆள் நான். ஐந்தாவது வரைதான் படித்தேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாட்டில் பிழை இருக்காது.

ஐந்தாவது முடித்த வருஷம்தான் அந்தப் பூனையைப் போட்டேன். ஆறாவது படிக்க வேறு ஊருக்கு நடக்க வேண்டும். எங்கள் வாத்தியார் என் அப்பாவிடம், “இது வாயே தொறக்காதுங்க. கேள்வி கேட்டாத் தரையப் பாக்குது. மேல படிச்சு என்ன பண்ணப் போவுது?” என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கும் அது சரியாகத்தான் பட்டது. நல்ல மனிதர்தான் வாத்தியார். பேசாத பிள்ளைக்குள்ளே ஒன்றும் இருக்காது என்று நினைத்துவிட்டார், அவ்வளவுதான். அவர் எங்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பார். எல்லாப் பாட்டிலும் பிள்ளைகள் பொய் சொல்லக் கூடாது, சீக்கிரம் எழுந்திருக்க வேண்டும், பல் தேய்க்க வேண்டும். ஒரு பாட்டிலாவது யாராவது வழுக்கி விழமாட்டார்களா என்று நான் காத்திருந்து பார்த்தேன். ஒருவரும் விழவில்லை.

என் அம்மா முந்திரிக் கொட்டாயில் வேலை பார்த்தாள். மாசி பிறந்தால் காட்டில் பழம் விழ ஆரம்பிக்கும். கொட்டையைப் பொறுக்கி, களத்தில் காயவைத்து, கொட்டாய்க்குக் கொண்டுவருவார்கள். அங்கே அடுப்பில் பெரிய சட்டி வைத்து வறுப்பார்கள். வறுத்த கொட்டையைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு, கட்டையால் தட்டி உடைப்பார்கள். அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. டொக் டொக் என்று ஒழுங்கில்லாமல், ஓட்டுக் கூரையில் பெருந்தூறல் விழுகிற மாதிரி. புகை கண்ணைக் கரிக்கும். ஆனால் அதே புகையில் பருப்பு வாசனையும் வரும். கண்ணீர் விட்டுக்கொண்டே எச்சில் ஊறுகிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

அந்தக் கொட்டையின் மேலோட்டை நாங்கள் தோடு என்போம், அதற்குள் ஒரு எண்ணெய் உண்டு. கறுப்பாக, பிசுபிசு என்று இருக்கும். தோலில் பட்டால் வெந்துபோகும், பிறகு உரியும். முந்திரி உடைத்தவர்களின் விரலைப் பார்த்தாலே தெரியும், ரேகையே இருக்காது.

கைப்பிள்ளையை வீட்டில் விட ஆள் இல்லாத பெண்கள் பிள்ளைகளைக் கொட்டாய்க்கே தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அதுகள் தவழ்ந்துபோய்த் தோட்டை எடுத்து வாயில் வைக்கும். நான் கொட்டாய்க்குப் போக ஆரம்பிப்பதற்குச் சில நாள் முன்னால்தான் ஒரு பெண்குழந்தைக்கு உதடு வெந்து, குடிசையிலேயே பால் குடிக்க முடியாமல் கிடந்தது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, “இன்னொரு புள்ளைக்கு இப்புடி ஆச்சுன்னா ஒரு புள்ளையும் உள்ள வரக் கூடாது. புள்ளைக்காரிவொ வூட்டுலயே இருந்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். என் அம்மாவுக்கும் இடுப்பில் ஒரு பிள்ளை, என் தம்பி. அம்மா வேலைக்குப் போகாவிட்டால் எங்கள் வீட்டில் உலை கொதிக்காது.

அதனால்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். தம்பியைப் பார்த்துக்கொள்ளத்தான் போனேன். மத்தியானத்துக்குள் எல்லாப் பிள்ளைகளும் என் தலையில் விழுந்துவிட்டன. பேசத் தெரியாத நான் அதுகளை எதைச் சொல்லி மூலையில் உட்காரவைப்பேன்? கதை சொல்ல வாய் வராது, தாலாட்டப் பாட்டு வராது. ஒன்றைப் பிடித்தால் ஒன்று தோட்டுக் குவியலைப் பார்த்து ஓடியது.

வறுக்கிற சட்டியிலிருந்து வழிகிற எண்ணெய் ஒரு தகரத்தில் சேரும். நான் ஒரு தென்னங்குச்சியின் நுனியில் துணியைச் சுற்றி, அதில் தோய்த்து, சுண்ணாம்பு அடித்த சுவரில் ஒரு எலியைப் போட்டேன். பிள்ளைகளுக்குக் கை எட்டக் கூடாது என்று காலி டின்னைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று போட்டேன். எலிக்கு வாய் வீங்கியிருக்கும். உடம்பு குண்டு. வளைக்குள் போக முடியாமல் வாசலில் முழித்துக்கொண்டு நிற்கும். அடியில் எழுதினேன்.

கொட்டத் தோட்டக் கடிச்சுப் பாத்துச்சு
குண்டெலி ஒண்ணு
வாயி வீங்கி வளைக்கு வெளிய
நிக்குது இன்னும்

பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாது. எனக்குச் சத்தம் வராது. கூட்டத்தில் மூத்தவள் ஒருத்தி இருந்தாள், சட்டி வறுக்கிற அக்காவின் மகள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற வயது இன்னும் வரவில்லை, ஆனால் தொண்டை மட்டும் சந்தைக் கடைக்காரர் தொண்டை. அவள் காதில் நான் மெதுவாகச் சொன்னேன். அவள் கொட்டாயே அதிரும்படி கத்தினாள். பிள்ளைகள் எலியைப் பார்த்தன, தோட்டைப் பார்த்தன, தங்கள் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டன. பிறகு சிரித்தன. உடைத்துக்கொண்டிருந்த பெண்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்தத் தொண்டைக்காரிதான் என் வாய்.

அதற்குப் பிறகு தினம் ஒரு படம். கோடை மழை பெய்த ஒரு நாள் தவளை வந்தது.

கொடை பிடிச்சு வந்துச்சாம்
கொளத்துத் தவளை
மழையில தான் நனையுமாம்
பாரு கவலை

பஸ் அப்போதுதான் எங்கள் பக்கம் விட்டிருந்தார்கள். ஆட்டையும் கோழியையும் ஏற்றிக்கொண்டு வரும். அதைப் பார்த்து இது.

பஸ்ஸு வந்து நின்னுச்சு
ஆடு ஒண்ணு ஏறுச்சு
டிக்கெட் எங்கன்னு கேட்டாக்க
தின்னுபுட்டேன்னுச்சு

இந்த ஆட்டுக்குக் கண்ணை நான் நன்றாகப் போட்டிருந்தேன். ஒரு குற்றமும் செய்யாத மாதிரி கண்டக்டரைப் பார்க்கும். பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்று பார்ப்பார்கள். “எம் மாமியாளப் போடுடி, ஒனக்கு ஒரு கை பருப்புத் தரேன்” என்பாள் ஒருத்தி. “அவளப் போடச் செவுரு பத்தாது” என்பாள் இன்னொருத்தி. நான் தலையைக் குனிந்துகொள்வேன். குனிந்த இடத்தில் சிரித்துக்கொள்வேன். என் விரல் நுனி எல்லாம் கறுத்து உரிந்தது. மற்றவர்கள் அதை மறைப்பார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

அந்தப் பருவத்தில் ஒரு பிள்ளைக்கும் உதடு வேகவில்லை. அதை இங்கே எழுதியே ஆக வேண்டும்.

பிறகுதான் பூனை வந்தது. அதை விடுகதையாகப் போட்டேன். நான் குச்சியால் ஒவ்வொரு வரியாகக் காட்டுவேன், தொண்டைக்காரி கத்துவாள், முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளும் “பூனை” என்று பதில் சொல்லி, “மியாவ்” என்று கத்த வேண்டும். பதிலைச் சுவரில் எழுதினால் விடுகதை ஆகுமா? அதனால் எழுதவில்லை.

மீச பெருசு வயிறு பெருசு
வேல என்ன வேல?
தின்னு தூங்கி எழுந்துபுட்டுத்
திரும்பத் தூங்கும் வேல

எங்கள் முதலாளிக்கு முறுக்கி மேலே விட்ட மீசை. வயிறும் உண்டு. மத்தியானத்தில் கொட்டாய்க்குப் பக்கத்து அறையில் கயிற்றுக் கட்டிலில் படுத்துத் தூங்குவார். இதெல்லாம் எனக்குத் தெரியும், ஆனால் பூனையைப் போடும்போது அவர் ஞாபகமே எனக்கு வரவில்லை. சத்தியமாக அது பூனைதான். நின்றுகொண்டிருக்கிற பூனை. எங்கள் தெருப் பூனை பாலுக்காக இரண்டு காலில் நிற்கும், அதைப் பார்த்துத்தான் போட்டேன்.

பெண்கள் இந்த முறை சத்தமாகச் சிரிக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குப் புரியவில்லை. சாயந்திரம் வீட்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்டாள்.

“யாரப் பாத்துடி அதப் போட்ட?”

“பூனையம்மா.”

“மீசையப் பாத்தா அப்புடித் தெரியலையே.”

“பூனைக்கும் மீச இருக்கும்மா.”

“வெள்ள வேட்டி கட்டியிருக்குது?”

“வேட்டி இல்லம்மா, அது வயிறு. உள்ள கறுப்பு அடிக்கல.”

அம்மா தம்பியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். “எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனா அது முதலாளிதான்னு எனக்கே தெரியுது. அவருக்குத் தெரியாதா?” என்றாள். மறுநாள் விடியற்காலையில் எல்லாருக்கும் முன்னால் போய்த் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுச் சுவரைத் தேய்த்தாள். பூனை இன்னும் பளபளப்பாகிவிட்டது.

கணக்குப்பிள்ளை பார்த்துவிட்டார். முதலாளியிடம் போய்ச் சொன்னதோடு நிற்காமல், திரும்பி வந்து பெண்களிடம், “நாளையிலேருந்து புள்ளைக்காரிவொ யாரும் வர வேணாம். முதலாளி வந்து அவரு வாயாலயே சொல்லப் போறாரு” என்றார். என் அம்மாவின் கையிலிருந்த கட்டை நின்றுவிட்டது. ஒவ்வொரு கட்டையாக நின்றது. சத்தமே இல்லாத கொட்டாயை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

முதலாளி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சுவருக்குப் போனார். நான் டின்மேல் ஏறி நின்று போட்டதால் பூனையின் முகம் சரியாக அவர் முகத்துக்கு நேரே இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சட்டி அக்கா சொன்னது எனக்குக் கேட்டது. “கண்ணாடி வச்ச மாதிரி இருக்கே, மாரியாத்தா.”

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முதலாளிக்குப் படிக்கத் தெரியும், ஆனால் வாய்விட்டுத்தான் படிக்க வரும். அந்தக் காலத்து ஆட்களில் பாதிப் பேர் அப்படித்தான். கடுதாசி வந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் படிப்பார்கள். அவரும் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, உரத்த குரலில் படித்தார்.

“மீச பெருசு... வயிறு பெருசு... வேல என்ன வேல...”

பிள்ளைகள் எல்லாம் மூலையிலிருந்து எழுந்து வந்துவிட்டன. தொண்டைக்காரியைத் தவிர வேறு ஒரு ஆள், அதுவும் பெரிய ஆள், தங்களுக்காகப் பாட்டுப் படிக்கிறார் என்று அதுகளுக்குச் சந்தோஷம். அவர் “திரும்பத் தூங்கும் வேல” என்று முடித்ததுதான் தாமதம், எல்லாம் சேர்ந்து, “பூனை” என்றன. பிறகு, “மியாவ்.”

முதலாளி கீழே பார்த்தார். “என்னது?”

“பூனை, முதலாளி தாத்தா,” என்றாள் தொண்டைக்காரி. “நல்லாப் படிக்கிறீங்க. மறுபடியும் படிங்க.”

என் தம்பிக்கு அப்போது பேச்சு வந்திருக்கவில்லை. அவன் தவழ்ந்துபோய் முதலாளியின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, “மியா” என்றான். அவன் பேசிய முதல் வார்த்தை அது.

முதலாளிக்கு என்ன தோன்றியதோ தெரியாது. மறுபடியும் படித்தார். இந்த முறை கொஞ்சம் வேகமாக, ராகம் மாதிரி. மறுபடியும் மியாவ். மீசைக்குக் கீழே வாய் என்ன செய்கிறது என்று யாராலும் பார்க்க முடியவில்லை. அவ்வளவு பெரிய மீசை.

பெண்கள் பக்கம் திரும்பினார். “பூனைன்னா வாலு எங்க?”

அப்போது என் அம்மா எழுந்தாள். கை இரண்டும் சாம்பல். முதலாளிக்கு முன்னால் நின்று அவள் பேசி நான் பார்த்ததே கிடையாது.

“எம் பொண்ணு போட்டதுங்க. வாலு போட மறந்துட்டா. இப்பப் போட்டுருவா.” என்னைப் பார்த்தாள். “போடுடி.”

“இந்த ஊமப் புள்ளையா?” என்றார் முதலாளி.

“ஊம இல்லைங்க. பேசாது, அவ்வளவுதான்.”

நான் குச்சியைத் தோய்த்து எடுத்தேன். கை நடுங்கியது என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் நடுங்கவில்லை. குச்சி கையில் இருந்தால் எனக்கு எதுவும் நடுங்காது. முதலாளி ஒதுங்கி நின்று வழி விட்டார். இடுப்பில் ஆரம்பித்து, வளைத்து, தலைக்கு மேலே கொண்டுபோய், நுனியில் ஒரு சுருட்டு வைத்தேன். நல்ல வால். அந்தச் சுவரிலேயே நல்ல கோடு அதுதான்.

முதலாளி பார்த்துக்கொண்டே நின்றார். மீசையை ஒரு முறை தடவிக்கொண்டார். பிறகு கணக்குப்பிள்ளையிடம் சொன்னார், “புள்ளைவொ இருக்கட்டும். பூனை போவணும். வெள்ளையடிச்சுரு.”

அவர் வாசல் தாண்டிய பிறகு கட்டைச் சத்தம் திரும்ப ஆரம்பித்தது. முதல் கட்டை என் அம்மாவுடையது.

வெள்ளையடிக்க வந்தவர், “தோட்டு எண்ணெய் மேல சுண்ணாம்பு நிக்காதுங்க” என்று சொல்லித்தான் பார்த்தார். “நிக்கும், அடி” என்றார் கணக்குப்பிள்ளை. எலி, தவளை, ஆடு, பூனை எல்லாம் போய்விட்டன. பிள்ளைகள் அழுதன. நான் அழவில்லை. பாட்டு தொண்டைக்காரியிடம் இருந்தது.

சில நாள் கழித்துச் சுவரில் மீசை மட்டும் வந்தது. பிறகு கண். பிறகு வயிறு. எண்ணெய் சுண்ணாம்பில் ஊறிப் பரவி, பூனை முன்னைவிடக் குண்டாக வந்துவிட்டது. மறுபடியும் அடித்தார்கள். இன்னும் குண்டாக வந்தது. “கணக்குப்பிள்ள வெள்ளச் சோறு போட்டு வளக்குறாரு” என்றார்கள் பெண்கள். அடுத்த வருஷம் கணக்குப்பிள்ளையே விட்டுவிட்டார். வெளியூர் வியாபாரிகள் வந்தால், அவர்கள் வாய் திறப்பதற்கு முன்னால் முதலாளியே முந்திக்கொண்டு, “அது பூனை” என்பாராம். அவர்களும் ஊருக்குப் போய்ச் சொன்னார்கள். பூனைக் கொட்டாய் பருப்பு என்றே கேட்டு வாங்கினார்கள். பிறகு பஸ் அங்கே நின்றபோது கண்டக்டர்களும் அப்படியே கூவ ஆரம்பித்தார்கள்.

கொட்டாய் இடிந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. முதலாளி இல்லை, அம்மா இல்லை. தொண்டைக்காரி பெரம்பலூர்ப் பக்கம் பூலாம்பாடிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். போன இடத்திலும் சும்மா இருந்திருக்கமாட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றால், பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்க உட்கார்ந்திருந்தபோது, பக்கத்தில் லப்பைக்குடிக்காட்டிலிருந்து வந்த ஒரு பெண் ஊசிக்குப் பயந்து அழுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பாடினாள்.

ப்ளேனு வந்து நின்னுச்சு
ஆடு ஒண்ணு ஏறுச்சு
விசா எங்கன்னு கேட்டாக்க
தின்னுபுட்டேன்னுச்சு

பிள்ளை அழுகையை விட்டுவிட்டு, “எல்லாத்தையுமா?” என்று கேட்டது. “அத்தா ஃபோன் பண்ணுனாக் கேப்போம்” என்றாள் அவள். அந்தப் பிள்ளையின் அப்பா துபாயில் இருப்பாராக இருக்கும். என் ஆடு பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடல் தாண்டிவிட்டது. யார் கட்டிய பாட்டு என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. மாத்திரையை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன். வலி தெரியவில்லை.

போன மாதம் ஒரு காதுகுத்துக்காக அந்த டவுன் பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் ஒரு சின்னப் பெண், அவள் அம்மாவோடு. கண்டக்டர் தம்பி, “பூனைக் கொட்டாய் யாரும் எறங்குறீங்களா?” என்று கூவினார்.

“அம்மா, பூனை எங்கம்மா?” என்றது பிள்ளை.

“முன்னாடி நெறைய இருந்துருக்கும். இப்ப செத்துப் போயிருக்கும்.”

செத்துப் போயிருக்கும் என்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான் முன்னால் குனிந்து, அந்தப் பிள்ளையிடம் மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு, பாட்டை ஆரம்பித்தேன். எப்படி அவ்வளவு சத்தம் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நிறுத்த வெட்கமாக இருந்ததால் முடிக்கிற வரைக்கும் சொல்லிவிட்டேன்.

“தின்னு தூங்கி எழுந்துபுட்டுத் திரும்பத் தூங்கும் வேல.”

பிள்ளை யோசித்துக்கொண்டிருந்தது. அப்போது கடைசி சீட்டிலிருந்து ஒரு கரகரத்த ஆண்குரல், “பூனை” என்றது. கொஞ்சம் பொறுத்து, “மியாவ்.”

திரும்பிப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்த ஒரு பெரியவர், மடியில் உரப்பையோடு உட்கார்ந்திருந்தார். கொட்டாய்ப் பிள்ளைகளில் ஒருத்தர். யார் வீட்டுப் பிள்ளை என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. மீசை பெரிசு. வயிறும் பெரிசு. என்னைப் பார்த்து, எழுந்து நிற்க முடியாததால், கையை மட்டும் தூக்கிக் காற்றில் ஒரு வால் போட்டுக் காட்டினார். நுனியில் அந்தச் சுருட்டோடு.